எம்ஜிபி வி8 காரில் விலக்கி வைத்த ஆயில் ஃபில்டரும் ஹோஸ் தடமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி, 1970களின் தொடக்கத்தைச் சேர்ந்த, மடக்குக் கூரை கொண்ட எம்ஜிபி என்னும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த 1,798 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, 3,528 சிசி ரோவர் வி8 எஞ்சினை முந்தைய உரிமையாளர் காலத்திலேயே வேறொரு பட்டறையில் ஏற்றியிருந்தார்கள். இது ஒன்றும் விபரீதமான மாற்றம் அன்று. எம்ஜி நிறுவனமே 1973 முதல் 1976 வரை இதே எஞ்சினை வைத்து எம்ஜிபி ஜிடி வி8 என்ற பெயரில் 2,591 கார்களைத் தயாரித்தது. முழுவதும் அலுமினியத்தாலான இந்த எஞ்சின் எடை குறைவானது. ஆகவே காரின் முன்பாரம் பெரிதாகக் கூடுவதில்லை. சிக்கல் எடையில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ரோவர் வி8இல் ஆயில் பம்ப் எஞ்சினின் முன்மூடியில், டிஸ்டிரிபியூட்டர் தண்டின் கீழ்முனையால் சுழலுமாறு அமைந்திருக்கிறது. ஃபில்டர் அந்தப் பம்பின் மூடியிலேயே நேராகத் திருகப்படுகிறது. பெரிய கார்களில் அதற்கு வேண்டிய இடம் உண்டு. எம்ஜிபியிலோ முன் குறுக்குச் சட்டம், ஸ்டீயரிங் ரேக், ரேடியேட்டர் ஆகிய மூன்றும் அந்த மூலையில் நெருக்கியடித்து நிற்கின்றன. எனவே பம்பின் மூடியில் அடாப்டர் ஒன்றைப் பொருத்தி, ஆயிலை ஹோஸ் வழியாக வெளியே எடுத்து, ஃபில்டரை வேறோர் இடத்தில் நிறுத்தி, மீண்டும் எஞ்சினுக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

உரிமையாளர் மூன்று குறைகளைச் சொன்னார். ஒரு நாள் நிறுத்திவைத்த வண்டியைக் காலையில் கிளப்பினால், ஆயில் அழுத்தத்தால் நிரம்பி வால்வுகளை இயக்கும் டேப்பெட்டுகள் நெடுநேரம் தடதடக்கின்றன. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு, சிக்னலில் நிற்கும்போது டேப்பெட் சத்தம் மறுபடியும் மெல்லத் தலைகாட்டுகிறது. பானெட்டைத் திறந்தால் கருகிய ஆயில் வாடை வருகிறது. ஆனால் டாஷ்போர்டிலுள்ள ஆயில் பிரஷர் மீட்டர் இவை எவற்றையும் ஒப்புக்கொள்ளாமல் ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மேல் காட்டிக்கொண்டிருந்ததால், பிரஷர் நன்றாக இருக்கும்போது டேப்பெட்டுகள்தான் தேய்ந்திருக்க வேண்டும் என்று முன்பு பார்த்தவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். புது டேப்பெட்டுகளும் போட்டாகிவிட்டது. சத்தம் மட்டும் போகவில்லை.

மீட்டர் எதை அளந்தது

நாங்கள் ஃபில்டரையோ ஹோஸையோ தொடுவதற்கு முன் மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைப் பின்தொடர்ந்தோம். அது எஞ்சினிலிருந்து வரவில்லை. எஞ்சின் அறையின் பக்கத் தகட்டின் உச்சியில் பொருத்தப்பட்ட ஃபில்டர் ஹெட்டின், அதாவது ஃபில்டர் திருகப்படும் தலைப்பகுதியின், நுழைவுப் பக்கத்திலிருந்து வந்தது. அதாவது அந்த மீட்டர் காட்டியது பம்ப் தள்ளும் அழுத்தத்தைத்தானே தவிர, பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும் அழுத்தத்தை அன்று. இரண்டுக்கும் இடையில் ஃபில்டர், ஆயிலைக் குளிர்விக்கும் கூலர், அவற்றை இணைக்கும் ஹோஸ்கள், முழங்கை இணைப்புகள் அத்தனையும் இருந்தன. விலக்கி வைத்த ஃபில்டர் உள்ள வண்டியில் மீட்டர் எங்கே இணைந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பது எங்கள் வழக்கம். ஏனெனில் வழியில் அடைப்பு கூடக் கூட, நுழைவுப் பக்கத்தில் இருக்கும் மீட்டர் உயர்ந்த எண்ணைக் காட்டுமே ஒழியத் தாழ்ந்த எண்ணைக் காட்டாது.

ஆயில் எஞ்சினுக்குள் திரும்பி நுழையும் அடாப்டரில் இரண்டாவது மீட்டர் ஒன்றை இணைத்து, வண்டியை நன்றாகச் சூடேற்றிவிட்டு, இரண்டையும் ஒருசேரப் படித்தோம். 2,400 ஆர்பிஎம்மில் ஃபில்டர் ஹெட்டுக்கு முன்னால் 52 பிஎஸ்ஐ. எஞ்சினின் வாயிலில் 24 பிஎஸ்ஐ. பாதிக்கு மேல் வழியிலேயே கரைந்துபோயிற்று. ஐடிலில் எஞ்சின் பக்க மீட்டரின் முள் அடியை விட்டு எழவே சிரமப்பட்டது.

இந்த 52 என்ற எண்ணே எங்களுக்கு உறுத்தலாக இருந்தது. ரோவர் வி8 இயல்பிலேயே தாழ்ந்த அழுத்தத்தில் இயங்கும் எஞ்சின். சூடான நிலையில் 2,400 ஆர்பிஎம்மில் 30 முதல் 40 பிஎஸ்ஐ வரை இருந்தாலே அது சரியான அளவு. எம்ஜிபியின் பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கோ ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ வரை வேண்டும். அந்தப் பழைய மீட்டரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வி8இன் 35 பிஎஸ்ஐ நோயின் அறிகுறியாகத் தெரிவது இயற்கைதான். பம்ப் மூடியில், அழுத்தம் மிகும்போது திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வைக் கழற்றியபோது, ஸ்பிரிங்கின் பின்னால் தடித்த வாஷர் ஒன்று கிடைத்தது. அழுத்தம் குறைவாகத் தெரிகிறது என்பதற்காக யாரோ ஸ்பிரிங்கை இறுக்கியிருக்கிறார்கள். பம்பின் பல்சக்கரங்களும் அவற்றைச் சுழற்றும் தண்டும் அந்தக் கூடுதல் சுமையை வீணாகச் சுமந்துகொண்டிருந்தன.

ஹோஸின் உட்துளை

ஹோஸ்கள் ஆறாம் எண் அளவில் இருந்தன. ஏஎன் அல்லது டாஷ் எண் என்று சொல்லப்படும் இந்த அளவு, அதற்கு ஈடான உலோகக் குழாயின் வெளிவிட்டத்தை அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குகளாகக் குறிக்கிறது. ஆறு என்றால் பதினாறில் ஆறு, பத்து என்றால் பதினாறில் பத்து. ஆறாம் எண் ஹோஸின் உட்துளை 9 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு; பத்தாம் எண்ணின் உட்துளை சுமார் 14 மி.மீ. கையில் எடுத்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் தடித்த திரவம் சீராக ஓடும்போது, குழாய் தரும் தடை அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. ஆகவே அதே நீளமுள்ள ஆறாம் எண் ஹோஸ், பத்தாம் எண் ஹோஸைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு தடையைத் தரும்.

காலையில் கேட்ட தடதடப்புக்கு இதுவே முதல் விளக்கம். 20டபிள்யூ-50 ஆயில், 100 டிகிரி செல்சியஸில் இருப்பதைக் காட்டிலும் 20 டிகிரியில் இருபது மடங்குக்கு மேல் தடித்திருக்கும். அந்த நிலையில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆயிலை ஆறாம் எண் ஹோஸில் தள்ள முயன்றால், ஒரு மீட்டர் நீளத்துக்கு மட்டுமே இந்த எஞ்சினின் ரிலீஃப் வால்வு திறக்கும் அளவைவிடக் கூடுதலான அழுத்தம் தேவைப்படும் என்று கணக்கு காட்டுகிறது. இந்த வண்டியிலோ ஹோஸின் மொத்த நீளம் 3 மீட்டரைத் தாண்டியிருந்தது. ரிலீஃப் வால்வு பம்ப் மூடியிலேயே, அதாவது ஹோஸ்களுக்கு முன்னாலேயே இருப்பதால், அது பேரிங்குகளின் நிலையை அறியாது. ஹோஸின் தடையைத்தான் அறியும். தடை மிகுந்தவுடன் அது திறந்து, பம்ப் எடுத்துவந்த ஆயிலில் பெரும்பகுதியை வந்த வழியே திருப்பிவிடுகிறது. எஞ்சினுக்குள் சிறு பங்கே போகிறது. வால்வின் ஸ்பிரிங்கை இறுக்கினால் மீட்டரில் எண் ஏறும். பேரிங்குக்குப் போகும் ஆயில் அந்த அளவுக்கு ஏறாது.

ஹோஸின் துளைதான் குறுகலென்றால், இணைப்புகள் அதைவிடக் குறுகலாக இருந்தன. முழங்கை இணைப்புகளில் இரண்டு, வளைத்த குழாயால் ஆனவை அல்ல. கட்டி உலோகத்தில் இரு பக்கமிருந்தும் துளையிட்டு, உள்ளே செங்கோணத்தில் சந்திக்க விட்டவை. அவற்றின் உள்மூலையில் ஆயில் மோதித் திரும்பியாக வேண்டும். இடம் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், ஆயில் வழியில் நெளிந்து வளைந்த குழாய் முழங்கைகளையே நான் பரிந்துரைப்பேன். துளையிட்ட போல்ட்டின் வழியே ஆயில் செல்லும் பான்ஜோ போல்ட் வகை இணைப்புகளை எஞ்சினின் பிரதான ஆயில் வழியில் போடவே கூடாது. அவை மீட்டர் குழாய்க்கும் டர்போவின் மெல்லிய குழாய்க்கும் பொருந்துபவை.

உச்சியில், தலைகீழாக நின்ற ஃபில்டர்

இரண்டாவது விளக்கம் ஃபில்டரின் நிலை. மாற்றுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று அதைப் பக்கத் தகட்டின் மேல்விளிம்பையொட்டி, வாய் கீழ்நோக்க, டப்பா மேல்நோக்க நிறுத்தியிருந்தார்கள். எஞ்சினை அணைத்ததும் டப்பாவில் உள்ள ஆயில் கீழே இறங்கப் பார்க்கும். அதைத் தடுப்பது ஃபில்டரின் வாயருகே, வெளிவட்டத் துளைகளை உள்ளிருந்து மூடிக்கொண்டிருக்கும் ஒரு ரப்பர் மடல் மட்டுமே. அந்த மடல் வெப்பத்தில் விறைத்துப்போனால் ஆயில் ஹோஸ் வழியாகப் பம்புக்கும், பம்பின் பல்சக்கர இடைவெளி வழியாக எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கும் வடிந்துவிடும். கழற்றிய ஃபில்டரின் மடலை விரலால் அழுத்தியபோது அது வளைந்து கொடுக்காமல் பிளாஸ்டிக் தகடு போல நின்றது. ஆகக் காலையில் கிளப்பும்போது பம்ப் முதலில் காலியான ஃபில்டரையும் பாதி காலியான ஹோஸையும் நிரப்பிவிட்டுத்தான் எஞ்சினைக் கவனிக்க முடிந்தது.

நுழைவும் வெளியேற்றமும் இடம் மாறியிருக்கின்றனவா என்றும் பார்த்தோம். இங்கே அவை சரியாகவே இருந்தன. மாறியிருந்தால் ஆயில் நடுத்துளை வழியாக உள்ளே போய், அதே ரப்பர் மடலில் முட்டி நின்றுவிடும்; எஞ்சினுக்கு ஒரு சொட்டும் போகாமல் நாசமாகும். ஹெட்டில் அம்புக்குறி இல்லாவிட்டால், வெளிவட்டத்துக்குத் திறக்கும் துளை நுழைவு, நடுக்குழாய்க்குத் திறக்கும் துளை வெளியேற்றம் என்று வெளிச்சம் அடித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

மரை பொருந்தாத இடத்தில் வெள்ளை டேப்

கருகிய வாடைக்கான காரணம் ஃபில்டர் ஹெட்டின் வெளியேற்றப் பக்கத்தில் கிடைத்தது. ஹெட்டின் துளைகளில் அரை அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) நேர்மரை வெட்டியிருந்தது. அதில் திருகியிருந்த அடாப்டரோ அரை அங்குல என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை) கூம்புமரை. இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைகள் என்பதால் முதல் சில சுற்றுகள் தடையின்றி ஏறும். கைக்கும் சந்தேகம் வராது. ஆனால் பிஎஸ்பியின் மரைக்கோணம் 55 டிகிரி, என்பிடியின் மரைக்கோணம் 60 டிகிரி. மரைகளின் சரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் முனைகளில் மட்டுமே தொடும். கூம்பு வடிவம் ஆப்பு அடித்தாற்போல அலுமினிய வாயை அகட்டும். இந்த ஹெட்டின் வாயோரத்தில் மயிரிழை போன்ற விரிசல் கண்டிருந்தது. அதன் வழியே கசிந்த ஆயில் பக்கத் தகட்டில் வழிந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் வெப்பத்தில் கருகிக்கொண்டிருந்தது. இதைப் படிப்பவர்கள் வாடை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மெல்லிய கசிவு ஒரு நாள் பீச்சலாக மாறினால், அந்த இடத்தில் தீப்பிடிக்கும்.

கசிவை அடக்க, அடாப்டரின் மரை முழுவதும் வெள்ளை டேப்பைப் பல சுற்றுச் சுற்றியிருந்தார்கள். தண்ணீர்க் குழாயில் இது நல்ல வேலைதான். ஆயில் வழியில் மரையின் கடைசிச் சுற்றுக்கு வெளியே துருத்தி நிற்கும் டேப்பின் விளிம்பை, ஓடும் ஆயில் நார்நாராகப் பிய்த்துக்கொண்டு போகும். நுழைவுப் பக்கமென்றால் அந்த நார்களை ஃபில்டர் பிடித்துவிடும். இந்த வண்டியில் டேப் சுற்றியிருந்தது வெளியேற்றப் பக்கத்தில். ஃபில்டருக்குப் பிறகு கூலர், கூலருக்குப் பிறகு எஞ்சின். நடுவே பிடிக்க ஆளில்லை. ஹைட்ராலிக் டேப்பெட்டின் நுண்துளையில் ஒரு நார் சிக்கினால் அந்த டேப்பெட் செத்தது.

வேறொரு மரைப் பொறியையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. பத்தாம் எண் இணைப்பின் மரை எட்டில் ஏழு அங்குலம், அங்குலத்துக்கு 14. அரை அங்குல பிஎஸ்பியின் வெளிவிட்டம் 20.96 மி.மீ., அதற்கும் அங்குலத்துக்கு 14. முன்னதன் நட் பின்னதன்மேல் தளர்வாக ஏறி, இறுகியதைப் போல ஏமாற்றிவிட்டு, அழுத்தத்தில் மரையைச் சீவிக்கொண்டு கழன்றுவிடக்கூடும். பழைய ஆங்கிலக் கார்களின் கூலர்களும் எஞ்சின்களும் பிஎஸ்பி மரையோடு வருவதால், வெர்னியர் காலிப்பரும் மரை அளவியும் கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது.

உராய்வு

கூலருக்குப் போகும் ஹோஸ்கள் ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குத் தகட்டிலுள்ள துளைகள் வழியாகச் செல்கின்றன. எம்ஜிபியில் தொழிற்சாலை அங்கே ரப்பர் வளையம் போட்டிருந்தது. எஞ்சின் மாற்றத்தின்போது ஹோஸ் பருமன் மாறியதால் வளையத்தை எறிந்துவிட்டார்கள் போலும். எஃகுக் கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ், பார்ப்பதற்கு எதையும் தாங்கும் என்று தோன்றும். உண்மையில் அந்தப் பின்னல் ஓர் அரம். அது முதலில் தகட்டின் பெயின்டைச் சுரண்டி, பிறகு விளிம்பைக் கூர்மையாகத் தேய்த்திருந்தது. கூர்மையான விளிம்பு பின்னலின் கம்பிகளை ஒவ்வொன்றாக அறுத்திருந்தது. விரலைத் தடவினால் குத்தும் அளவுக்கு அறுந்த நுனிகள் நின்றன. அவற்றுக்கு அடியில் உள் ரப்பர், நெடுங்காலம் தேய்த்த கறுப்புக் கல்லின் பளபளப்போடு வெளியே தெரிந்தது. ஆயிலின் அழுத்தத்தைத் தாங்குவது அந்தப் பின்னல்தான் என்பதால், அந்த இடத்தில் ஹோஸ் எப்போது வேண்டுமானாலும் வெடித்திருக்கலாம்.

முதலில் தடம், பிறகு ஃபில்டருக்கு இடம்

மேலே சொன்ன குறைகளில் டேப்பும் வாஷரும் தவிர மற்றவை எல்லாம் ஒரே முடிவிலிருந்து கிளைத்தவை: ஃபில்டருக்குக் கைக்கு எட்டும் இடத்தை முதலில் தேர்ந்து துளையிட்டுவிட்டு, ஹோஸ்களை அதற்கு ஏற்ப வளைத்தார்கள். உச்சியில் ஃபில்டர் நின்றதால் ஹோஸ் நீண்டது. நீண்ட ஹோஸ் நெருக்கத்தில் வளைய வேண்டியிருந்ததால் மெல்லிய அளவு தேவைப்பட்டது. மெல்லிய ஹோஸும் வளையாத இடத்தில் துளையிட்ட முழங்கைகள் வந்தன. எங்கள் வேலையை நாங்கள் எதிர்த் திசையில் தொடங்கினோம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பத்தாம் எண் ஹோஸின் பருமனே உள்ள பழைய ஹோஸ் துண்டை எடுத்து, பம்ப் அடாப்டரிலிருந்து கூலருக்கு அது தானாக எப்படிப் போக விரும்புகிறது என்று பார்த்தோம். ஹோஸ் தயாரிப்பாளரின் அட்டவணையில் உள்ள மிகக் குறைந்த வளைவு ஆரத்துக்கு அட்டை வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் வைத்துப் பார்த்தோம். மேனிஃபோல்டிலிருந்து விலகி, ஸ்டீயரிங் தண்டின் மூட்டு சுழலும் வட்டத்துக்கு வெளியே, வண்டியின் மிகத் தாழ்ந்த புள்ளிக்கு மேலே என்ற மூன்று எல்லைகளுக்குள் அடங்கும் தடம் ஒன்றுதான் இருந்தது. கூலரிலிருந்து திரும்பும் பாதையில், ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே, பக்கத் தகட்டின் கீழ்ப்பாதியில் ஃபில்டர் நிற்பதற்கு இயல்பாகவே ஓர் இடம் அமைந்தது.

அங்கே ஃபில்டரை வாய் மேல்நோக்கத் தொங்கவிட்டோம். ரப்பர் மடல் விறைத்தாலும் டப்பாவில் உள்ள ஆயில் அங்கேயே இருக்கும். மாற்றும்போது நிரம்பிய கிண்ணத்தைப் போலச் சிந்தாமல் இறக்கவும் முடியும். அதை மாற்ற முன்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு கீழிருந்து கையை நுழைக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆண்டுக்கு ஓரிரு முறை செய்யும் வேலை சற்றுக் கடினமாவதை, தினமும் காலையில் எஞ்சின் படும் பாட்டுக்கு எதிராக வைத்து எடைபோட்டால், எது வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

பக்கத் தகடு மெல்லியது. நிரம்பிய ஃபில்டர், ஹெட், நான்கு பருத்த இணைப்புகள் ஆகியவற்றின் எடை அதிர்வோடு சேரும்போது துளைகளைச் சுற்றி நாளடைவில் விரிசல் வரும். ஆகவே பின்புறம் 3 மி.மீ. எஃகுத் தகடு ஒன்றை அகலமாக வைத்து, பூட்டு நட்டுகளால் இறுக்கினோம்.

வரிசையையும் மாற்றினோம். பம்பிலிருந்து முதலில் கூலர், கடைசியாக ஃபில்டர், பிறகு எஞ்சின். எம்ஜிபியின் பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினிலும் தொழிற்சாலை இதே வரிசையைத்தான் வைத்திருந்தது. சூடான ஆயில் மெலிந்திருப்பதால் ஃபில்டர் முதலில் இருந்தால் தடை குறையும் என்ற வாதம் தவறன்று. கூலரை அழுக்கிலிருந்து காக்கலாம் என்ற வாதமும் உண்டு. ஆனால் உள்ளே என்ன கிடக்கிறதென்று தெரியாத பழைய கூலர் உள்ள வண்டியில், எஞ்சினுக்கு முந்தைய கடைசிக் காவல் ஃபில்டராகவே இருக்க வேண்டும். கூலரை மாற்றிவிடலாம் என்று சொன்னோம். வண்டியோடு வந்த பொருள் என்பதால் உரிமையாளர் அதை வைத்துக்கொள்ள விரும்பினார். இரு திசைகளிலும் கரைப்பான் விட்டு அலசினோம். குறுகிய வரிகளும் மூலைகளும் கொண்ட கூலரை முழுமையாகக் கழுவிவிட்டதாக எவரும் உறுதி கூற முடியாது.

இந்த வண்டி பெரும்பாலும் குறுகிய தூரங்களுக்கே ஓடுவதால், சுமார் 80 டிகிரியில் கூலர் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றையும் சேர்த்தோம். ஆயில் 100 டிகிரியை நெருங்கினால்தான் அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகும். தெர்மோஸ்டாட்டால் நான்கு இணைப்புகள் கூடுகின்றன. நீண்ட பயணத்துக்கு மட்டும் எடுக்கும் வண்டியாக இருந்தால் அதைத் தவிர்த்திருப்பேன்.

வெட்டுதலும் பொருத்துதலும்

புது ஹோஸை வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றி, மெல்லிய வெட்டுச்சக்கரத்தால் நேராக வெட்டினோம். டேப் இல்லாவிட்டால் பின்னல் பூப்போல விரிந்து, இணைப்பின் வெளிக்கூடான சாக்கெட்டுக்குள் நுழையாது. வெட்டிய ரப்பர் பொடி உள்ளே ஒட்டியிருக்கும் என்பதால், ஒவ்வொரு துண்டின் வழியாகவும் நுரைப்பஞ்சுக் குண்டு ஒன்றைக் காற்றால் செலுத்தி, அது கறையின்றி வெளிவரும்வரை திரும்பச் செய்தோம். சாக்கெட்டில் ஹோஸ் முழுவதும் இறங்கியதும், சாக்கெட்டின் விளிம்பை ஒட்டி ஹோஸின்மேல் வண்ண டேப் ஒரு சுற்று ஒட்டினோம். உட்பகுதியைத் திருகும்போது ஹோஸ் பின்னுக்குத் தள்ளப்பட்டால் விளிம்புக்கும் டேப்புக்கும் இடையே இடைவெளி தெரியும். ஒரு முனையில் அப்படித் தெரிந்தது; கழற்றி மறுபடி பொருத்தினோம்.

ஹெட்டைப் புதிதாக மாற்றி, பிஎஸ்பி துளைகளில் பிஎஸ்பி அடாப்டர்களையே, ரப்பர் பதித்த வாஷர் வைத்துப் பொருத்தினோம். அங்கே டேப்புக்கு வேலையே இல்லை. 37 டிகிரி கூம்பு கொண்ட ஜேஐசி நட்டுகளைக் கையால் முழுவதும் இறுக்கிவிட்டு, ஸ்பேனரால் நட்டின் ஒரு பக்க அளவு, அதாவது ஆறில் ஒரு சுற்று திருப்பினால் போதும். அலுமினிய இணைப்பில் அதற்கு மேல் பலம் காட்டினால் கூம்பு நசுங்கும். இறுக்கும்போது மறு ஸ்பேனரால் அடாப்டரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஹோஸின் நீளத்தில் போட்ட கோடு திருகிக்கொண்டு போனால் ஹோஸ் முறுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள், தளர்த்தி மீண்டும் தொடங்க வேண்டும்.

வி8 எஞ்சின் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது தன் ரப்பர் தாங்கிகளின்மேல் பக்கவாட்டில் சாயும். ஆகவே ரப்பர் பதித்த கிளிப்புகளில் முதலாவதை எஞ்சினிலும் அடுத்ததை உடலிலும் வைத்து, இரண்டுக்கும் நடுவில் ஹோஸ் தாராளமான வளைவோடு தொங்குமாறு விட்டோம். அழுத்தம் ஏறும்போது ஹோஸின் நீளமே சற்றுக் குறையவோ கூடவோ செய்யும் என்பதால், இழுத்துக் கட்டிய கோடு போன்ற ஹோஸ் எங்கும் இருக்கக்கூடாது. குறுக்குத் தகட்டின் துளைகளைப் பெரிதாக்கி, விளிம்பை அரத்தால் மழுக்கி, புதிய பருமனுக்கு ஏற்ற ரப்பர் வளையம் போட்டோம். மேனிஃபோல்டை நோக்கியிருக்கும் பகுதிக்கு அலுமினியம் பூசிய கண்ணாடி இழை உறையும், நடுவில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் வைத்தோம். மொத்த நீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல் என்ற அளவுக்குக் குறைந்தது. மீட்டரின் குழாயை எஞ்சின் நுழைவு அடாப்டருக்கு மாற்றினோம். ரிலீஃப் ஸ்பிரிங்கின் பின்னாலிருந்த வாஷரை எடுத்துவிட்டோம்.

ஆயிலை ஏற்றுதல்

ரோவர் வி8இல் பம்ப் ஆயில் மட்டத்துக்கு மேலே இருப்பதால், மூடியைத் திறந்து உலரவிட்ட பம்ப் தானாக ஆயிலை உறிஞ்சாது. பல்சக்கரங்களைச் சுற்றியுள்ள வெற்றிடம் முழுவதையும் பெட்ரோலியம் ஜெல்லியால் அடைத்துவிட்டுத்தான் மூட வேண்டும். கிரீஸ் போடக்கூடாது, ஜெல்லி சூட்டில் ஆயிலோடு கலந்து மறைந்துவிடும், கிரீஸ் அப்படிக் கலப்பதில்லை. ஃபில்டரையும் கூலரையும் ஹோஸ்களையும் முன்கூட்டியே நிரப்பி, டிஸ்டிரிபியூட்டரின் நிலையைக் குறித்துக்கொண்டு அதை வெளியே எடுத்து, பம்பின் தண்டை டிரில்லால், டிஸ்டிரிபியூட்டர் சுழலும் திசையிலேயே சுற்றினோம். டிரில்லின் ஓசை சட்டென்று கனத்த கணத்தில் மீட்டரின் முள் எழுந்தது. எஞ்சினின் உச்சியில் வால்வுகளை அழுத்தும் ராக்கர்களில் ஆயில் ஊறிவரும்வரை நிறுத்தவில்லை. பத்தாம் எண் ஹோஸ் மீட்டருக்கு ஏறக்குறைய 160 மி.லி. பிடிக்கும், ஹோஸ்களுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் போகும். ஆகவே எஞ்சினை ஓட்டி, நிறுத்தி, ஆயில் சம்ப்புக்கு வடிய நேரம் கொடுத்த பிறகு குச்சியில் பார்த்த அளவே இறுதியான அளவு.

விளைவு

சூடான நிலையில், 2,400 ஆர்பிஎம்மில், பம்ப் வெளியேற்றத்தில் 37 பிஎஸ்ஐ, எஞ்சின் வாயிலில் 33 பிஎஸ்ஐ. டாஷ்போர்டு மீட்டர் முன்பு காட்டியதைவிடத் தாழ்ந்த எண்ணைக் காட்டுகிறது. பேரிங்குகளுக்குப் போகும் அழுத்தமோ முன்பைவிட உயர்ந்திருக்கிறது. இதை உரிமையாளரிடம் இரண்டு மீட்டர்களையும் அருகருகே வைத்து விளக்கியபோதுதான் அவர் நிம்மதியடைந்தார். காலைத் தடதடப்பு, எஞ்சின் கிளம்பிய சில வினாடிகளில் அடங்கிவிடுகிறது. ஐடிலில் டேப்பெட் சத்தம் இல்லை. முதல் சூட்டுக்குப் பிறகு எல்லா நட்டுகளையும் ஒருமுறை சோதித்தோம். வண்ண டேப்புகள் எங்கும் நகரவில்லை.

முதல் ஆயில் மாற்றத்தை வழக்கத்தைவிடச் சீக்கிரம் செய்து, ஃபில்டரை அதற்கென்று உள்ள வெட்டியால் திறந்தோம். ரம்பத்தால் அறுத்தால் அறுத்த உலோகப் பொடியே உள்ளே விழுந்து குழப்பும். மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பிடித்தபோது, உலோகத் துகள் எதுவும் தென்படவில்லை. ஆனால் மடிப்புகளின் அடியில் வெள்ளை டேப்பின் நார்கள் சுருண்டு கிடந்தன. அலசலுக்குத் தப்பி, கூலரின் மூலைகளில் ஒட்டிக்கொண்டிருந்து, சூடான ஆயில் ஓடத் தொடங்கியதும் பெயர்ந்து வந்தவை அவை. பழைய வரிசையில் இருந்திருந்தால் நேராக எஞ்சினுக்குள் போயிருக்கும். அந்தத் தாளைப் பார்த்த பிறகு உரிமையாளர் கூலரை மாற்றச் சம்மதித்தார். புதிய கூலரைப் பொருத்தி, அடுத்த ஃபில்டரையும் அதே இடைவெளியில் வெட்டிப் பார்த்தோம். தாள் சுத்தமாக இருந்தது. ஹோஸ்களின் உள் ரப்பருக்கு ஆயுள் உண்டு என்பதால், பொருத்திய மாதமும் ஆண்டும் பொறித்த சிறு உலோகச் சீட்டு ஒன்றை ஃபில்டர் தாங்கியில் கட்டிவிட்டிருக்கிறோம்.